வளைவு எண்ணிக்கை

என் மேசைக்குப் பக்கத்தில் ஓர் இயந்திரம்
நாள் முழுக்க நடக்கிறது.
எங்கும் போவதில்லை.
ஷூவின் முன்பாதியைப் பிடித்து
மடக்கும், விடும், மடக்கும்.
இராணிப்பேட்டையில் கரண்ட் போனால் மட்டும்
அரை அடியில் நிற்கும்.

பத்தாயிரத்துக்கு ஒருமுறை நிறுத்தி
டார்ச் அடித்து விரிசல் தேடுவது என் வேலை.
பதினாறு வருடம்.
விரிசல் எப்போதும் அங்கேதான் தொடங்கும்,
பெருவிரல் பாதத்தோடு சேருகிற கோட்டில்.
ஆடிட்டுக்கு வந்த ஜெர்மன்காரருக்கும்
அந்தக் கோட்டைத்தான் தொட்டுக் காட்டினேன்.

என் கால் அதையே சொன்னபோது
டார்ச்சை எடுக்கவில்லை.

முதலில் காலையில் மட்டும்,
கட்டிலை விட்டு இறங்கும் முதல் பத்தடி.
சுவரைப் பிடித்து பாத்ரூம் போனால்
திரும்பும்போது சரியாகிவிடும்.
யூரிக் ஆசிட் என்றார் மருந்துக்கடைக்காரர்.
சுளுக்கு என்று ஓரகத்தி உருவிவிட்டாள்,
இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது.
செருப்பு கடித்திருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன்,
செருப்புக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு.

பிறகு சர்ச்சில்.
முழங்காலிட்டவள் எழ வேண்டும்,
எழ விரல் மடங்க வேண்டும்,
மாட்டேன் என்றது.
இப்போதெல்லாம் உட்கார்ந்தே ஜெபிக்கிறேன்.
அவருக்குக் கேட்கிறதா தெரியவில்லை.
முன்பும் தெரியாது.

வேலூர் ஆஸ்பத்திரியில் டோக்கன் இருநூற்றுப் பதினான்கு.
"ஜெயசீலி யாரு?"
எக்ஸ்ரேயில் பேனாவை வைத்து டாக்டரம்மா சொன்னார்:
இங்கே ஒரு இடைவெளி இருக்கணும்.
இல்லை.
மேலே முள் மாதிரி எலும்பு முளைத்திருந்தது.
விரலைப் பிடித்து மேலே மடக்கினார்,
அச்சு அசல் என் இயந்திரம் மாதிரி.
"எத்தனை?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.
"என்ன எத்தனை?"
"இதுவரைக்கும் எத்தனை தடவை மடங்கியிருக்கும்?"
சிரித்துவிட்டு, எழுதத் தொடங்கினார்.

பஸ்ஸில், ஆஸ்பத்திரி ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஒரு காலுக்கு நாளைக்கு மூவாயிரம்,
நாற்பத்தாறு வருடம்.
மேல்விஷாரம் தாண்டும்போது பூஜ்ஜியங்களில் குழம்பி
மறுபடி போட்டேன்.
பாலாற்றுப் பாலத்தில் விடை வந்தது: ஐந்து கோடி.
எங்கள் ஷூ ஒரு லட்சம் தாங்கினாலே
பாஸ் என்று முத்திரை.

பழையபடி ஆகாது என்றார், ஆனால் வைத்துக்கொண்டு வாழலாம்.
சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு வேண்டாம்.
நாலு கிலோ குறையட்டும்.
வலிக்குது என்று நடக்காமலே இருந்துவிடாதீர்கள்.
ஊசி இருக்கிறது; அதற்கும் கேட்காவிட்டால்
இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம்,
அதை அப்புறம் பார்ப்போம்.
இப்போதைக்கு ஒரு ஷூ:
முன்பக்கம் அகலமாக,
அடிப்பாகம் வளையாமல்,
நுனி படகு மாதிரி தூக்கி.
எங்கே கிடைக்கும் என்று கேட்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் ரிஜெக்ட் ரேக்கில், கீழ்த்தட்டில்,
ஆண்கள் கறுப்பு, முப்பத்தொன்பது.
உள்ளே தவறிப்போய் இரட்டைத் தகடு வைத்திருந்தார்கள்.
அட்டையில் என் கையெழுத்து:
"வளைவு போதாது. நிராகரிப்பு."

காலை விட்டேன்.
லேபின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தேன்.
ஷூ வளையவில்லை,
அதனால் விரல் வளைய வேண்டியிருக்கவில்லை.
அங்கேயே நின்று கொஞ்சம் அழுதேன்.
யாரும் பார்க்கவில்லை, இயந்திரம் நடந்துகொண்டிருந்தது.

சோல் செக்‌ஷன் இம்தியாஸ் நுனியைச் சாய்வாகத் தேய்த்துக் கொடுத்தான்.
"ரிஜெக்ட் மாலுக்கு இவ்வளவு பாலிஷா அக்கா?"
கேட் பாஸில் எழுதினார்கள்:
ஒரு ஜோடி, மதிப்பு இல்லை.

புடவைக்குக் கீழே அந்தப் பூட்ஸ்.
முத்துக்கடை ஸ்டாப்பில் ஒரு பெரியவர்
"போலீஸா மேடம்?" என்று எழுந்து இடம் கொடுத்தார்.
மறுக்கவில்லை, உட்கார்ந்தேன்.

காலையில் அந்தப் பத்தடி இன்னும் இருக்கிறது.
சில நாள் ஏழு, மழை வரும் நாளில் பதினைந்து.

கரண்ட் போகும்போது
அட்டைப்பெட்டி மேல் காலைத் தூக்கி வைத்து
விரலைக் கையால் மெல்ல மடக்குகிறேன்,
வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி.
பத்து தடவை.
ரெஜிஸ்டரில் ஏற்றுவதில்லை.